சுவரிலிருந்து இறங்கி வந்த ஆசிரியர்

வகுப்பறைக் கதவை ஒட்டிய சுவரில் ஒரு வயதானவரின் புகைப்படம் தொங்கியது. கறுப்பு அங்கி, பட்டமளிப்புத் தொப்பி, மழை ஈரம் ஏறிப் பழுப்பாகிப்போன ஒரு கன்னம். படத்துக்குக் கீழே பெயர், பட்டம், பதிவு எண். அரசாங்கக் கணக்கில் அந்த வகுப்பின் ஆசிரியர் அவர். வாரம் நான்கு நாள் தொண்டை வறள அந்த வகுப்பை நடத்தியவள் நான். எனக்குச் சுவரில் இடமில்லை, தரையில் இருந்தது.

பிள்ளைகள் அவருக்குச் சுவர் சயா என்று பெயர் வைத்திருந்தார்கள். பர்மியில் ஆண் ஆசிரியர் என்றால் சயா, பெண் என்றால் சயாமா. காலையில் உள்ளே நுழையும்போது ஒருத்தி படத்தின்முன் கைகட்டி நின்று, "இன்றைக்கு வீட்டுப்பாடம் உண்டா, சயா?" என்பாள். இன்னொருத்தி அவர் சார்பில் இருமுவாள். நானும் சிரிப்பேன்.

பள்ளி தாமுவே வட்டாரத்தில், சந்தைக்குப் பின்தெருவில். தனியார் உயர்நிலைப் பள்ளி. கீழே அச்சகம், மேலே நாங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது கட்டடமே பல்வலிக்காரன்போல முனகும். அங்கே பள்ளிப் படிப்போடு கல்லூரியின் முதலாண்டுப் பாடங்கள் சிலவற்றையும் முடித்துவிடலாம். கடல் தாண்டிய ஒரு கல்லூரி அவற்றைத் தன் பாடங்களாகவே ஏற்றுக்கொண்டு கிரெடிட் கொடுக்கும். நான் நடத்தியது ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் பாடம். கிரெடிட் தாள் வெளிநாடு போவதற்குமுன் இங்கே ஓர் அலுவலகம் அதில் முத்திரை குத்த வேண்டும். முத்திரை என்றால் விதி. கல்லூரிப் பாடம் நடத்துகிறவருக்கு அந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டம் இருக்க வேண்டும், அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும், அவர் படம் வகுப்பில் இருக்க வேண்டும், கதவிலிருந்து எட்டும் தூரத்தில்.

இதில் என்ன தப்பு, படித்தவர்தானே படிப்பிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, நானே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கல்லூரி வயது வந்தபோது மாணவர் போராட்டத்துக்குப் பயந்து அரசாங்கம் இந்த ஊரின் பல்கலைக்கழகங்களை மூடி வைத்திருந்தது. பெரிய இரும்புக் கதவு, அதில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு, பூட்டின்மேல் கொடி படர்ந்து அதில் பூவும் பூத்திருந்தது. பஸ் சன்னலிலிருந்து அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு வகுப்புக்குப் போனவள் நான். பிறகு கதவு திறந்தபோது எனக்கு வேலை இருந்தது, வீட்டில் நோயாளி இருந்தார், பட்டத்தைத் தபால்வழியில்தான் வாங்க முடிந்தது. முதுகலை என்கிற படியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு வெளியிலிருந்து பூட்டியவர்கள் இன்றைக்கு வந்து, நீ ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்கிறார்கள். கேட்பதில் ஒரு மரியாதை வேறு. உட்காரச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

என்னிடம் இருந்தது ஆங்கிலம். அப்பாவும் அவருடைய அப்பாவும் குமாஸ்தாக்கள், மிஷன் பள்ளியின் பிரம்படியில் கற்ற ஆங்கிலம் எங்கள் வீட்டில் குடும்பச் சொத்து. வசன கவிதை எழுதுவேன், அதைப் பத்துப் பேர் படிப்பார்கள், அதில் நாலு பேர் உறவுக்காரர்கள். பள்ளியின் உரிமையாளர் அம்மா, பர்மியப் பெண்மணி, நல்ல சுறுசுறுப்பு, என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு அந்த நிமிடமே வேலை கொடுத்தார். பட்டத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அந்த ஆளைத் தேடிக் கொடுத்தவளும் நானேதான். போட்டாதாங்கில், படகுத்துறைக்குப் பக்கத்துத் தெருவில் நாலாவது மாடியில் இருந்தார் அவர். ஓய்வுபெற்ற ஆங்கில விரிவுரையாளர், தமிழர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எங்களுக்கு முன்வரிசை. கேட்டதும் சம்மதித்தார்.

"பட்டம் பெட்டிக்குள்ளதான் கெடக்குது தங்கச்சி. கரையான் தின்னுறத நீங்க தின்னுங்க. நான் வரணுமா?"

"வர வேணாம் அண்ணே. படம் மட்டும் போதும்."

"அப்ப நல்ல படமாத் தர்றேன், முடி இருந்த காலத்துப் படம்."

இப்படித்தான் தொடங்கியது. யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டேன். இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொள்வது அது.

அந்த வருடத்து வகுப்பில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். தாகேதாவில் வீடு. தினமும் பாலம் தாண்டி பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா, அத்தா என்பாள், எங்கள் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடைக்கடை வைத்திருந்தார். கடற்கரை ஊர்க்காரர்களின் வழி வந்த முஸ்லிம் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கேதான் வியாபாரம். பெண்ணுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசினால் பாதியில் பர்மிக்குத் தாவிவிடும். எழுதுவது மட்டும் ஆங்கிலத்தில், அதுவும் கத்தியால் சீவியதுபோல. பாலத்தின்மேல் பஸ் ஏறியதும் பயணிகள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். ஏன் நிறுத்துகிறார்கள் என்று எழுதவில்லை. யார் முதலில் நிறுத்துகிறார், யார் கடைசியில், யார் கைப்பையை மடிக்கு மாற்றுகிறார், அவ்வளவுதான். படித்துவிட்டு நான் மூன்று நாள் எதுவும் எழுதவில்லை.

அவளுக்கு அந்த வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் முத்திரை குத்திய கிரெடிட் தாள் மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு யாருக்காவது போகும். கடைக்குப் போயிருந்தபோது அத்தா ஒரு குடையை விரித்து மடக்கிக்கொண்டே சொன்னார்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்றாங்க சயாமா. இங்க ஒரு வருசம்னா என்னா வருசம்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்.

முத்திரைக்கு முன்னால் சோதனை உண்டு. அதிகாரி வருவார், வகுப்பைப் பார்ப்பார், ஆசிரியரைப் பார்ப்பார். உரிமையாளர் அம்மாவுக்கு இது புதிதில்லை. "சயாஜீயை ஒரு நாள் கொண்டுவந்துவிடுங்கள்" என்றார். சயாஜீ என்றால் பெரிய வாத்தியார். "நீங்கள் பின்னால் நில்லுங்கள், பதிவேட்டு உதவியாளர் என்று சொல்லிவிடுகிறேன்."

நானே பாடத்தை அட்டைகளில் எழுதினேன். நாடகம் போடுகிறவளைப்போல ஒன்றுவிடாமல் எழுதினேன். இங்கே நிமிர்ந்து பாருங்கள். இங்கே பலகையில் இந்த வரி. இங்கே சிரிக்கலாம். அவர் போட்டாதாங் வீட்டில் உட்கார்ந்து அட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "நான் வேலையில இருந்த காலத்துல இவ்வளவு தயார் பண்ணி ஒருநாளும் வகுப்புக்குப் போனதில்ல" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

சோதனை நாளில் மழை. டாக்ஸியில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து மாடி ஏற்றினேன். வாசலில் தன் படத்தைப் பார்த்து நின்றவர் கைக்குட்டையால் அதன் கண்ணாடியைத் துடைத்தார். வகுப்பில் முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல் பர்மியில் கிசுகிசுத்தது: "சுவர் இறங்கி வந்துவிட்டது!" எல்லா வாய்களும் ஒரே நேரத்தில் கைகளுக்குள் போயின.

அதிகாரி சின்ன வயதுக்காரர். சட்டையில் ஒரு சுருக்கமில்லை. குரலை உயர்த்தத் தெரியாதவர்போலப் பேசினார். முதலில் ஒரு டேப்பை எடுத்துக் கதவுக்கும் படத்துக்கும் நடுவே அளந்தார். பலகைக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவே அளந்தார். பிறகு பிள்ளைகளின் கட்டுரைக் கட்டைக் கேட்டார். நான், பதிவேட்டு உதவியாளர், குனிந்து கொடுத்தேன். ஒவ்வொரு தாளிலும் பக்க எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். உரிமையாளர் அம்மா தட்டில் சுரைக்காய் பஜ்ஜி வைத்திருந்தார். இரண்டு தின்றார். எண்ணெய் விரலைத் துடைக்க ஏதும் அகப்படாமல் மேலே கிடந்த தாளில் துடைத்தார். பாலத்தைப் பற்றிய அந்த இரண்டு பக்கம். தாள் கண்ணாடிபோலத் தெளிந்து அடிப்பக்கத்து எழுத்துகள் மேலே மிதந்தன. எழுதியவள் மூன்றாம் பெஞ்சிலிருந்து அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான் துணி எடுத்து வரப் போனேன், அவருக்குத்தான்.

பாடம் தொடங்கியது. சயாஜீ அட்டைப்படி நிமிர்ந்தார், அட்டைப்படி பலகையில் எழுதினார், சிரிக்கச் சொல்லியிருந்த இடத்துக்கு ஒரு வரி முன்பே சிரித்தார். பரவாயில்லை. ஆறு அட்டைகள் தாண்டின. அப்போது அதிகாரி மெதுவாக எழுந்து, "ஒரு மாணவியிடம் கேட்கலாமா?" என்று கேட்டு, அந்தத் தமிழ்ப் பெண்ணைக் காட்டினார்.

"ஒரு கட்டுரையின் மையக் கருத்து எங்கே வர வேண்டும்?"

அவள் எழுந்து, இங்கே எல்லாப் பள்ளியிலும் பிள்ளைகள் நிற்பதுபோல, இரு கைகளையும் மார்பின்மேல் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்கே வேண்டுமானாலும் வரலாம். முதலிலேயே சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் எழுதுகிறவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்."

நல்ல பதில். அதிகாரி தாளில் ஏதோ குறித்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள்.

இங்கே பதில் சொன்ன பிள்ளை தானாக உட்காராது. ஆசிரியர் 'தைங்' என்று சொல்ல வேண்டும். தைங் என்றால் உட்கார். முதல் வகுப்பிலிருந்து பிள்ளைகளின் முழங்காலில் எழுதிவைத்த பழக்கம் அது. சொல்கிறவருக்கும் சொல்கிறோம் என்ற நினைப்பே இருக்காது, மூச்சுவிடுவதுபோல வெளியே வரும். அட்டையில் நான் சிரிப்பை எழுதியிருந்தேன், இருமலைக்கூட எழுதியிருந்தேன். இதை எழுதவில்லை. சயாஜீ வகுப்பறையை விட்டுப் பல வருடமாகிறது. அவர் அடுத்த அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது. அவள் நின்றாள். நான் பின்சுவரில் சாய்ந்து, பதிவேட்டை அணைத்துக்கொண்டு, வாய் திறந்து சொன்னேன்.

"தைங்."

அவள் உட்கார்ந்தாள்.

அதிகாரி திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். அடுத்த பெஞ்சில் ஒருவனை எழுப்பி ஏதோ கேட்டார். அவன் பதில் சொல்லிவிட்டு நின்றான். இப்போது அதிகாரி திரும்பினார். சயாஜீ பக்கம் இல்லை, என் பக்கம். என் வாயைப் பார்த்தபடியே இன்னொருத்தியை எழுப்பினார். அப்புறம் இன்னொருவனை. கேள்விகள் குட்டையாகிக்கொண்டே போயின. உன் பெயர் என்ன. வயது என்ன. பேனா என்ன நிறம். ஒவ்வொருவராக எழுந்து, பதில் சொல்லி, கைகட்டி, நின்றார்கள். வகுப்பே நின்றது. அந்தத் தமிழ்ப் பெண்ணையும் மறுபடி எழுப்பினார். கேள்வியே கேட்கவில்லை, விரலால் காட்டினார், அவ்வளவுதான். எல்லாக் கண்ணும் பலகையை விட்டுத் திரும்பி என்மேல் இருந்தன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பயத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதன் அதை இவ்வளவு சாவகாசமாக ருசித்துத் தின்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பஜ்ஜியைவிட அது அவருக்குப் பிடித்திருந்தது.

சயாஜீ ஒருவழியாக அட்டையிலிருந்து தலையைத் தூக்கினார். தமிழில், என்னைப் பார்த்து, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"எதுக்குத் தங்கச்சி எல்லாப் பிள்ளைகளும் நிக்கிது? மணி அடிச்சிருச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. பின்பெஞ்சில் ஒரு குட்டையான பெண் கட்டிய கையை அவிழ்த்துப் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் நான் எல்லோருக்கும் சேர்த்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன். தடதடவென்று ஒரே சத்தம், மழையைவிடப் பெரியது.

அதன்பிறகு அலுவலறை. உரிமையாளர் அம்மா கதவைச் சாத்தினார். அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவரை மனிதனாக எண்ணியிருப்பேன்.

"எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் நடக்கிறது, எனக்குத் தெரியும்" என்றார். "ஆனால் இங்கே என் காதில் விழுந்துவிட்டது. விழுந்ததை என்ன செய்வது?" இரண்டு வழி சொன்னார். உள்ளதை உள்ளபடி எழுதினால் பதிவில்லாத ஆள் நடத்திய பாடம், வகுப்பு முழுவதற்கும் கிரெடிட் கிடையாது. அல்லது நான் ஓர் ஒப்புதல் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் உதவியாளர், ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை, இன்று அதிகப்பிரசங்கித்தனமாக வகுப்பில் வாய் திறந்தேன், மன்னிக்க வேண்டும், இனி திறக்கமாட்டேன்.

"யாருக்கும் கெடுதல் இல்லை" என்றார் உரிமையாளர் அம்மா. என் வாக்கியம் அவர் வாயில் வந்தது.

மாத முடிவுக்குப் பதினோரு நாள் இருந்தது. குடைக்கடைக்காரரின் கை விரித்து மடக்கி, விரித்து மடக்கி... நான் பேனாவைக் கேட்டேன்.

கவிதை எழுதுகிறவளின் சாபம் இது, பொய்யைக்கூடப் பொறுப்பாக எழுதுவாள். பர்மியில் எழுதினேன். வாக்கியங்களை ஏறி இறங்கச் செய்தேன். 'மன்னிக்க வேண்டும்' என்பதைக் கடைசிக்குத் தள்ளினால் நன்றாக இருக்கும் என்று பட, அடித்துவிட்டுத் தள்ளினேன். அதிகாரி அதை ஒரு எழுத்து விடாமல் படித்தார். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் அவர் படித்த ஒரே எழுத்து அதுதான்.

"நன்றாக எழுதுகிறீர்கள்" என்றார். "யார் சொல்லிக் கொடுத்தது?"

வெளியே வந்தேன். சயாஜீ வராந்தாவில் மிச்சப் பஜ்ஜியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். "நல்லாத்தானே போச்சு தங்கச்சி?" என்று கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுவும் ஒரு அசிங்கமாக இருந்தது.

படிக்கட்டில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அலுவலறைக் கதவு மெல்லிய பலகை, உள்ளே பேசியதெல்லாம் வெளியே கேட்கும்.

"எழுதிக் குடுத்திட்டீங்களா சயாமா?"

"குடுத்திட்டேன்."

"நீங்க நடத்தவே இல்லன்னு?"

"ஆமா."

"அப்ப எனக்கு நடத்துனது யாரு?"

"சுவரு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். எண்ணெய் படிந்த தன் கட்டுரையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். மிச்ச நாட்களில் என் வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை.

முத்திரை வந்தது, ஐந்து நாள் மிச்சம் வைத்து. தாளில் ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் அவர் பெயர். தாள் கடல் தாண்டியது. சுவரில் படத்தைக் கழற்றிவிட்டு இன்னும் பெரிதாக ஒன்றை மாட்டினார்கள். உரிமையாளர் அம்மா அடுத்த வருடப் படிவத்தை என் மேசையில் வைத்தார். உதவியாளர் என்ற இடத்தில் என் பெயரை ஏற்கனவே எழுதியிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். வேலையை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றும் அங்கேதான் நடத்துகிறேன். புது அட்டைகளில் 'தைங்' முதல் வரியிலேயே இருக்கிறது.

அவள் புறப்படுவதற்கு முந்தின வாரம் அத்தா ஆள் விட்டுக் கூப்பிட்டார். கடை முழுக்கக் குடைகள், கூரையிலிருந்து வௌவால்போல. அவர் எனக்கென்று ஒரு கறுப்புக் குடையை எடுத்து வைத்திருந்தார். பிடி மரத்தில்.

"அந்தப் பெரியவருக்கும் ஒண்ணு அனுப்பிட்டேன் சயாமா. தாள்ல அவரு பேருதானே இருக்கு. குடுக்கலேன்னா நல்லா இருக்காதுல்ல?"

"நல்லா இருக்காது" என்றேன்.

பெண் உள்ளேயிருந்து ஒரு தாளோடு வந்தாள். கல்லூரி கேட்டிருந்ததாம், உன்னை உருவாக்கிய ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுது என்று.

"மொதல்ல உங்களப் பத்தி எழுதுனேன். அப்புறம் கிழிச்சிட்டேன்."

"ஏம்மா?"

"உங்க பேரு எங்கயாச்சும் வந்தா எல்லாமே செல்லாமப் போயிரும்ல." குரலில் கோபமில்லை, விலை சொல்கிறவளின் நிதானம் இருந்தது. "அதனால அவரப் பத்தி எழுதுனேன். பாத்துக் குடுங்க."

வாங்கிப் படித்தேன். முதல் வரி இது: என் ஆசிரியர் எப்போதும் கதவருகிலேயே இருப்பார், அதிகம் பேசமாட்டார். இரண்டாவது: வகுப்பில் கரண்ட் போனாலும் அவர் முகம் மாறாது. பொய் என்று ஒரு வரியைக்கூடக் காட்ட முடியாது. பக்கம் முழுக்க அந்தப் படம். படத்துக்கு எதிரே பின்சுவரில் யாரோ நிற்கிறார் என்பது எழுதப்படாமலே தெரிந்தது. மையக் கருத்து எங்கே இருக்கிறது என்று எழுதியவளுக்குத் தெரியும். நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்திருந்தாள். பதினேழு வயதில், உண்மையை எங்கே ஒளிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டு போகிறாள். அதற்குக் கிரெடிட் உண்டா?

இரண்டு இடத்தில் கமா போட்டேன். 'எப்போதும்' வேண்டாம் என்று அடித்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு அவள் முக்காலியில் உட்காரவில்லை. குடைகளுக்கு நடுவே, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து நின்றாள். வாடிக்கையாளர் ஒருவர் அவளை இடித்துக்கொண்டு உள்ளே போனார். அத்தா, "என்னா புள்ள, வழிய விட்டு நில்லு" என்றார். அவள் நகரவில்லை.

அவள் எதற்கு நிற்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஒரே ஒரு வார்த்தை. சொல்வதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்கு வெளியே தலையை நீட்டி, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு, தணிந்த குரலில், சொன்னேன்.

அவள் உட்கார்ந்தாள். நான் எட்டிப் பார்த்ததை அவளும் பார்த்திருந்தாள்.